சேற்றுப்புண் என்று விட்டுவிட்டது

அமரவிளையில் ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்தில் கடை போட்டிருந்த கிளாரா என் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "பிலோமினா, உனக்க காலப் பாரு பிள்ளே!" என்று கத்தினாள். இடது கால் முழங்கால்வரை சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது.

அது மூன்றாவது முறை. செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவும் தொற்று) என்றார்கள். ஊசி போட்டால் வீக்கம் வடியும். என் ஊரான பொழியூருக்குத் திரும்பி, மீன் கூடையைத் தூக்கினால் சில மாதங்களில் மறுபடி வரும். இனி ஒருமுறை வந்தால் கால் இருக்குமா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

இம்முறை நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் தோல் மருத்துவர் ஒருவரைக் கட்டிலருகே அழைத்து வந்தார்கள். இளம்பெண். அவர் வீக்கத்தைப் பார்க்கவில்லை. என் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். இடுக்குகள் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தன. நகங்கள் மஞ்சளாகித் தடித்திருந்தன. கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன்.

"சேச்சி, இது எத்தன வருஷமா உண்டு?"

"அது சேத்துப்புண்ணாக்கும் டாக்டரே. ஐஸ் தண்ணியில நிக்க மீன்காரிக்கு அது இல்லாம இருக்குமா?"

"அந்த வெடிப்பு வழியாத்தான் கிருமி உள்ள போவுது. அத அடைக்காம காய்ச்சல் நிக்காது."

மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பைக் காட்டினேன். அதில் ஸ்டீராய்டு (அரிப்பை அடக்கும் மருந்து) இருந்தது. அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும் என்றார். தோலைச் சுரண்டி, நகத்துண்டையும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சைதான். நகத்துக்குள் இருப்பதைக் களிம்பு எட்டாது. டெர்பினாஃபின் (பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை) மூன்று மாதம் சாப்பிட வேண்டும் என்றார்.

என் கணவர் அந்தோணிக்கு அது பிடிக்கவில்லை. "இம்புட்டு சொறிக்கு மூணு மாசம் மாத்திரையா? ஈரல் கெட்டுப்போவும்னு சொல்லுதாவ."

மருத்துவர் சிரிக்கவில்லை. "நீங்க பயப்படுறது சரிதான். அதுக்குத்தான் முதல்ல ரத்தம் பாக்கோம்."

கல்லீரல் சோதனை நன்றாக இருந்தது. நடுவில் மறுபடியும் பார்த்தார்கள். இதைப் படிக்கிறவர்கள் இந்த மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்டுவிட வேண்டாம்.

சில வாரங்களில் இடுக்குகள் காய்ந்தன. அரிப்பு நின்றது. சுகமாகிவிட்டதே, இனி எதற்கு என்று மாத்திரையைத் தள்ளி வைத்தேன். எதிர்த்துப் பேசிய அந்தோணியே தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார்.

"டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாளா? இல்லல்லா? அப்ப முழுங்கு."

நான் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸில் இன்னொரு ஜோடியும் வாங்கி வந்தார். ஒன்று நனைந்தால் மற்றது வெயிலில் காயும். அவருடைய பாதத்திலும் தோல் செதிலாக உரிந்ததால் அவருக்கும் மருந்து கொடுத்தார்கள்.

மழைக்காலம் வந்தது. கால் வீங்கவில்லை. மாத்திரை முடிந்த பிறகும் நகம் அவசரப்படாமல் அடியிலிருந்து இளஞ்சிவப்பாக வளர்ந்துகொண்டிருந்தது. பழைய மஞ்சள் நகத்தைச் சிறிது சிறிதாக வெட்டி எறிந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் தேவாலய உபதேசியார் வீட்டுக்கு வந்தார். பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, அச்சன் (பாதிரியார்) பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இந்த வருடம் பெண்களும் உண்டு, வருகிறாயா என்று கேட்டார். குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

"வாறேன்," என்றேன்.

ஊர் முழுக்கப் பார்த்திருக்க, அச்சன் என் காலில் தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்தார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் கிளாரா என் கையைப் பிடித்தாள்.

"எட்டி, உனக்க நகம் சின்னப்பிள்ளைக்க நகம் மாதிரி இருக்கு!"

கோயில் வாசலென்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன்.

முன்பு ஒரு காய்ச்சலுக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் இடையில்தான் என் நாட்கள் கிடந்தன. இப்போது அடுத்த வருடத்தைப் பற்றி யோசிக்கிறேன். மீன் விற்றுத் திரும்பியதும் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். கொஞ்ச நேரம்தான் ஆகும். அதற்குள் யார் கூப்பிட்டாலும், "பொறு, வாறேன்," என்கிறேன். துடைத்து முடியும்வரை எழுந்திருப்பதில்லை.