பதினோரு நிமிடமும் ஒரு கழுத்தும்

அவரை எல்லோரும் கூப்பிடுவது ஃபார்மட் என்று. ஒரு ஜிபி மெமரியோடு மூச்சிரைத்துக் கிடக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் பழைய சிஸ்டத்தைத் துடைத்தெடுத்து, லேசான புதுச் சிஸ்டம் போட்டுத் தருவது தொழில். இருபத்திரண்டு வருட சேவைக்குக் கிடைத்த விருதுகளை உடம்பிலேயே வைத்திருந்தார். நெற்றித் தழும்பு ஒரு வக்கீல் வீசிய கீபோர்டு. கோணல் சுண்டுவிரல் டைப்பிங் சென்டர் அம்மாள் சாத்திய கதவு. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் மனுஷனுக்குக் கோபம் வரும். அதற்கு வலிக்காது என்பதால் பக்கத்தில் நிற்பவரை அடிப்பதுதான் நியாயம் என்று அவரும் ஏற்றுக்கொண்டிருந்தார்.

மச்சான் விஷயம் வேறு. மனைவியின் அண்ணன், ஜிம் நடத்தும் முன்னாள் குத்துச்சண்டைக்காரர். போட்ட பதினேழு சண்டைகளில் பதினாறில் அவர் கண் விழித்ததும் கூரையைத்தான் பார்த்தார். ஜெயித்த அந்த ஒன்றின் வீடியோ ஜிம் மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது.

“புது சிஸ்டம் போடுங்க மாப்ள, வேணாங்கல. அந்த வீடியோ போச்சுன்னா நீங்களும் போயிடுவீங்க” என்றார். தங்கை புருஷனாயிற்றே, கொலை மிரட்டலிலும் மரியாதை குறையாது.

செத்த கம்ப்யூட்டர்களிலிருந்து பிடுங்கிய ஹார்ட் டிஸ்குகளில்தான் ஃபார்மட் பேக்கப் எடுப்பார். அன்று கைக்கு வந்த டிஸ்கும், ஜிம் கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்கும் ஒரே கம்பெனி, ஒரே எண்பது ஜிபி. வீடியோவைப் பேக்கப் டிஸ்கில் நகலெடுத்தார். அதன் கேபிளைக் கழற்ற மறந்தார். எந்த டிஸ்கை அழிக்கட்டும் என்று திரை கேட்டது. அச்சில் வார்த்த மாதிரி இரண்டு வரிகள். கீழ் வரியை அமுக்கினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, வீடியோவைத் திருப்பிப் போடுவதற்காக பேக்கப்பைத் திறந்தார். அங்கே புதுச் சிஸ்டம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

“மச்சான்... பேக்கப் அழிஞ்சிடுச்சு.”

முதல் குத்து தாடையில். இரண்டாவது விலாவில், உள்ளே சுள்ளி ஒடிகிற சத்தம்.

“மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்புங்க மாப்ள.”

திருப்பினார். மூன்றாவதில் ஒரு பல் பறந்துபோய் எடை பார்க்கும் மிஷின்மேல் விழுந்தது. முள் அசையவில்லை.

அந்தக் குத்தில்தான் மூளைக்கு வெளிச்சம் வந்தது. புதுச் சிஸ்டம் பேக்கப்புக்குள் போயிருந்தால், உள்ளேயிருக்கும் டிஸ்கை யாரும் தொடவே இல்லை! சொல்ல வாய் திறந்தார், ரத்தம்தான் வந்தது. அதற்குள் மச்சான் பத்து கிலோ டம்பெல்லைக் கம்ப்யூட்டரின் மேல் ஓங்கிவிட்டார்.

“இந்தச் சனியனும் சாகட்டும்!”

ஃபார்மட் பாய்ந்து அதன்மேல் கவிழ்ந்து படுத்தார். டம்பெல் அவர் இடது கைமேல் இறங்கியது.

“உள்ள இருக்கு!” என்று அலறினார். “வீடியோ உள்ளதான் இருக்கு மச்சான்!”

“காட்டுங்க.”

பேக்கப் டிஸ்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தார். பழைய சிஸ்டம் எழுந்து வரப் பதினோரு நிமிடம். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டதே! மச்சானின் கை கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நான்காம் நிமிடம் திரை கறுத்தது, பிடி இறுகியது.

“தூங்குதா?”

“யோசிக்குது மச்சான்.”

“நீங்க யோசிச்சிருக்கணும்.”

ஒன்பதாம் நிமிடம் திரையில் வட்டம் சுற்றியது. ஃபார்மட்டுக்கு ஜிம்மே சுற்றியது. பதினோராம் நிமிடம் வீடியோ ஓடியது. ஒல்லியான மச்சான் யாருடைய மூக்கையோ உடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தை விட்ட கை கண்ணைத் துடைத்தது. பிறகு ஆனந்தம் தாங்காமல் மாப்பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டதில் இன்னொரு விலாவும் போனது.

“இருந்தாலும் ரொம்ப ஸ்லோ மாப்ள. புதுசு போட்டுடுங்க.”

“போடலாம். நீங்க வெளிய நில்லுங்க, நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கறேன்.”

நியாயமாகத்தான் பட்டது மச்சானுக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் தானே மெல்லச் சாத்திவிட்டுப் போய்த் தெருவில் நின்றார்.