பாறைமேட்டில் ஆறு போன்

அந்த ஊளைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நரியில்லை, நாயில்லை. ரெஜினா டீச்சர் "குட்மார்னிங் புள்ளைங்களா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் போனுக்குள்ளிருந்து கிளம்பும்... ஊஊய்ங் என்று. ஈரப் பனியில் மேய்ந்துகொண்டிருக்கும் மாடெல்லாம் தலையைத் தூக்கும்.

கொரோனா வருசம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. எங்கள் மலையூரான கூக்காலில் அப்போது டவர் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், என் பூண்டுக் காட்டுக்கு மேலே இருக்கிற பாறைமேடு. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர், என் மகள் தர்ஷினியும் சேர்த்து, அங்கே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது பேருக்கு ஆறு போன். டீச்சர் கொடைக்கானல் டவுனில் தன் வீட்டிலிருந்து பாடம் எடுப்பார்.

மூன்றாம் நாளும் ஊளை. நான் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். "இந்த டீச்சருக்குப் போனையே ஒழுங்காப் புடிக்கத் தெரியல... இவுக என்னத்தச் சொல்லித் தரப் போறாக" என்று நன்றாகக் குரலெடுத்தே சொன்னேன். என் போன் ஞானம் என்னவென்றால், பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் நிறுத்தலாம். அவ்வளவுதான்.

என் நேரம், நான் வாயைத் திறந்த நொடியில் பார்த்து ஊளை நின்றிருந்தது.

திரையில் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. திரை கறுத்துவிட்டது.

தர்ஷினி திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பா, டீச்சருக்குக் கேட்டுருச்சு."

மறுநாள் கிளாஸ் இல்லை. குரூப்பில் டீச்சரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. தன் போனில்தான் ஏதோ கோளாறாம். மகளிடம் கேட்டுப் பார்த்தும் சரி செய்யத் தெரியவில்லையாம். இந்த வயதில் தனக்கு இது வராது போல, இனிமேல் பாடத்தை நோட்டில் எழுதிக் காய்கறி வண்டியில் கொடுத்து விடுகிறேன் என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் குத்தியது.

நோட்டு வந்தது. யார் பிரித்தார்கள்? நாலே நாளில் பிள்ளைகள் எல்லாம் காட்டு வேலைக்கு இறங்கிவிட்டன. தர்ஷினி பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு எனக்கு முன்னால் களைக்கொத்தோடு நின்றாள்.

"வாயாலேயே பள்ளிக்கூடத்த மூடுன மனுசன் நீங்கதான்" என்றாள் என் வீட்டுக்காரி.

படிப்பு ஒரே நாளில் நின்றுவிடாது. நாலு நாள் காட்டுச் சோலி இருக்கு என்று நின்றவன்தான் நானும், எட்டாம் வகுப்பில். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. அதனால் தர்ஷினி கையிலிருந்த களைக்கொத்தை வாங்கி வைத்தேன்.

பாறைமேட்டில் ஏறி டீச்சருக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை ரிங் போனதும் நானே கட் செய்தேன். மூன்றாவது தடவை அவரே எடுத்துவிட்டார்.

"டீச்சர், அன்னைக்குப் பேசுன வாயி என்னோடதுதான். மன்னிச்சுக்கங்க. புள்ளைக காட்டுக்குப் போக ஆரம்பிச்சிருச்சுக."

"நாளைக்குக் காய்கறி வண்டி எத்தன மணிக்குங்க ஏறும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வெள்ளனே டீச்சரே வந்து இறங்கினார். மாஸ்க், சால்வை, கையில் போன். மூச்சு வாங்கப் பாறைமேடு ஏறினார். பிள்ளைகள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மடியில் ஆறு போன்.

"தெனமும் இப்பிடித்தான் உக்காருவீங்களா?"

"ஆமா டீச்சர், டவரு இங்கதான கெடக்கு."

அவர் தள்ளிப்போய் நின்று தன் போனில் பேசினார். ஊளை. ஒவ்வொரு போனாக அணைக்கச் சொன்னார். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியபோது அவர் குரல் பளிச்சென்று வந்தது. ஒரு போன் பேசுவது அடுத்த போனுக்குள் புகுந்து, அது இன்னொன்றுக்குள் புகுந்து... இதுதான் அந்த நரி.

டீச்சர் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "நீங்கல்லாம் அவங்கவங்க வீட்ல இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். ஒரு வாரமா என் போனையும் என்னையும் திட்டிக்கிட்டே கெடந்தேன்."

அன்றிலிருந்து ஒரே போன். பூண்டுக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் சாய்த்து வைப்போம். மியூட் போடுகிற வேலை எனக்கு. "வாய அடைக்கிற வேலைய உங்ககிட்டயே குடுத்துர்றேன் தர்ஷினி அப்பா" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

அவரும் உடனே தேறிவிடவில்லை. ஸ்கிரீன் ஷேர் என்று சொல்லி முதல் நாள் மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். பிள்ளைகள் பாதிக்கு மேல் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பாதி நாள் நெற்றி மட்டும்தான் தெரியும், இரண்டு வாரம் கழித்துத்தான் தினமும் முகம் முழுதும் வந்தது. மாதக் கடைசியில் திரையிலேயே கலர் கலராக எழுத ஆரம்பித்தார்.

இப்போது ஊருக்குள்ளேயே டவர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சுவர் அளவுக்கு டிவி. தர்ஷினி டவுனில் ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் மூன்று பேர், மூன்று போன், மூன்று மூலை. ஊளை கிடையாது... காதில் மாட்டிக்கொள்கிறோமே.

போன மாதம் டவுன் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். மற்ற டீச்சர்களுக்கு இப்போது இவர்தான் ஆன்லைன் பாடம் எடுக்கச் சொல்லித் தருகிறாராம். பேச்சுவாக்கில் கேட்டார். "மியூட் போட ரெண்டு நிமிசம் போதுமேங்க. நீங்க எதுக்குக் கிளாஸ் முடியிற வரைக்கும் அந்தப் புள்ளைங்களோட உக்காந்திருந்தீங்க?"

"வெயிலு காயத்தான் டீச்சர்" என்றேன். சிரித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

முக்கால் மூட்டை என்றால் என் தோளுக்குத் தெரியும். ஆனால் அதையே கணக்கு நோட்டில் மூன்றைப் போட்டு, கோடு கிழித்து, கீழே ஒரு நாலு எழுதுவார்களே... அது எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்கு ஏறவே இல்லை. ஒரு நாள் பாறைமேட்டுக் கிளாஸில் டீச்சர் கேமரா முன்னால் ஒரு கேரட்டை நாலாக நறுக்கி, ஒரு துண்டைத் தின்றுவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக் காட்டினார்.

கீழ இருக்கிற நாலு எதுக்குன்னு அன்னைக்குத்தான் டீச்சர் எனக்குப் புரிஞ்சது.

பஸ் போன பிறகும் அது வாய்க்குள்ளேயே நின்றது.