குளுவாங் வேன்காரரின் படம்

செனாய் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற பேருந்து கவிழ்ந்த காலையில், நான் கெலாங் பாத்தாவில் ஒரு கோயில் நிகழ்ச்சியில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ் நாளிதழுக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நிருபர் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

அரை மணி நேரத்துக்குள் முகநூல் முழுக்க ஒரு படம். ஒருவர் வெள்ளை வேனில் சாய்ந்து நின்றார். குடித்துவிட்டுப் பேருந்தை ஓட்டியவன் இவன்தான், பகிருங்கள் என்று எழுதியிருந்தது. நாளிதழின் ஆசிரியர் அழைத்தார்.

"எல்லாரும் போட்டுட்டாங்கம்மா. நாம மட்டும் என்னத்துக்கு இன்னும் காத்துக்கிட்டு இருக்கோம்?"

போலீஸ் எதுவும் சொல்லவில்லை என்றேன். 'கூறப்படுகிறது' என்று சேர்த்துவிடு, போதும் என்றார்.

சேர்த்தேன். கோயில் வாசலில் நின்றபடியே நான்கு வரி எழுதி, படத்தோடு எங்கள் நாளிதழின் முகநூல் பக்கத்தில் ஏற்றினேன். கூறியது யார் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியது. தள்ளிவிட்டேன்.

மதியம் போலீஸ் விளக்கம் வந்தது. டயர் வெடித்திருக்கிறது. ஓட்டுநர் குடிக்கவில்லை, கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். படத்தில் இருந்தவர் அவரே இல்லை. அதே பெயருள்ள, குளுவாங்கில் பள்ளி வேன் ஓட்டும் வேறொருவர்.

ஆசிரியர் சத்தமில்லாமல் பதிவை நீக்கினார். மறுப்பு போட வேண்டும் என்றேன். நீக்கியாச்சே, எதற்குக் கிளற வேண்டும் என்று போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

மறுநாள் குளுவாங் போனேன். பள்ளி நாள், ஆனால் வேன் வீட்டு முன்னால் நின்றது. வேன்காரர் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் பேசினார். அன்று காலை இரண்டே பிள்ளைகள் ஏறினார்களாம்; அவர்களைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வேனை நிறுத்திவிட்டாராம்.

"பேஸ்புக்ல கண்டவன் போட்டத யாரும் பெருசா எடுத்துக்கல. பேப்பர்காரங்க நீங்க போட்டப்புறம்தான் நம்பினாங்க. அந்தப் படத்துல, வேன் கதவுலயே எங்க நம்பர் இருக்கு. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல எழுத்தில், எல்லா இலக்கங்களும் தெளிவாக இருந்தன.

யாரையும் கேட்காமல் அங்கேயே மறுப்பு எழுதி அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். 'தவறு நேர்ந்துவிட்டது' என்ற இடத்தில் அந்த அம்மா நிறுத்தினார்.

"அதுவா நேர்ந்துச்சு? நீங்கதானே செஞ்சீங்க."

'நான் விசாரிக்காமல் வெளியிட்டேன்' என்று மாற்றி, என் பெயரைப் போட்டு ஏற்றினேன்.

வீடு வந்து சேர்வதற்குள் ஆசிரியர் அழைத்துக் கத்தினார். பக்கத்தில் பதிவேற்றும் அனுமதியைப் பறித்தார். ஆனால் மறுப்பை நீக்க அவருக்குத் துணிச்சல் இல்லை, அதற்குள் நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு மாதத்தில் வேனுக்குத் திரும்பினார்கள். மூன்று வீட்டார் திரும்பவே இல்லை.

அடுத்த அலுவலகக் கூட்டத்தில், தவறைத் துணிந்து ஒப்புக்கொண்ட நாளிதழ் நம்முடையது என்று ஆசிரியர் பெருமையாகப் பேசினார். நான் எழுந்து நின்று, நம்மை ஒப்புக்கொள்ள வைத்தது குளுவாங்கில் இருக்கும் ஒரு அம்மா என்றேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.