ஊசி நின்ற இடம்

மற்றவர்கள் ஆரம்பித்துப் பாதியில் விட்ட எம்பிராய்டரியை வாங்கி முடித்துக் கொடுப்பது என் தொழில். இப்படி ஒரு தொழில் உண்டா என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் பீரோவின் மேல்தட்டைத் துழாவிப் பார்க்கட்டும். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு தலையணை உறை அகப்படும். கார்பன் கோடுகள் மங்கியிருக்கும், ஒரே ஒரு ரோஜா மட்டும் பூத்திருக்கும். உங்களிடமும் ஒன்று இருக்கிறது, மறைக்க வேண்டாம்.

கணவருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை என்பதால் ஹைதராபாத் வந்து லோத்குண்டாவிலேயே தங்கிவிட்டோம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபிறகு இந்த வேலையை எடுத்துக்கொண்டேன். துணி கைக்கு வந்ததும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். போட்டவள் நூலை இறுக்கி இழுப்பவளா, தளர விடுபவளா என்பது அங்கேதான் தெரியும். அது பிடிபட்டால்தான் கை மாறியது தெரியாமல் தொடர முடியும்.

வேண்டாத எழுத்து

மாலதி நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அவள் தமிழுக்கு நடுவே தெலுங்கும் ஹிந்தியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் கொண்டுவந்தது ஒரு படுக்கை விரிப்பு. மூலையில் எம், ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிக்கொண்டு நின்றன. சுற்றி ஒரு கொடி பாதியோடு நின்றிருந்தது. நிச்சயமான புதிதில் ஆசையாக ஆரம்பித்தாளாம். இப்போது விவாகரத்து ஆகிவிட்டது. ஆர் எழுத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, கொடியை முடித்துத் தர வேண்டும் என்றாள்.

பிரித்தேன். தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, ஊசித் துளைகளை முடிந்தவரை மூடினேன். ஆனாலும் சுற்றியிருந்த துணி வெளுத்துப்போய், எழுத்து இருந்த இடம் மட்டும் புதுத்துணி மாதிரி பளிச்சென்று இருந்ததால் ஆர் தெரியத்தான் செய்தது. அதன்மேல் ஒரு பூ போட்டு மறைத்துவிடலாம் என்று சொன்னேன். அவள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு விரிப்பை மடித்துக்கொண்டாள்.

"பூ கீ எல்லாம் நக்கோ ஆன்ட்டி, வேண்டாம். இருந்தது இருந்ததுதானே. கொடியையும் நானே போட்டுக்கிறேன்."

இடது கை

தார்நாகாவிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற விஞ்ஞானி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மகளின் புது வீட்டுக்காக அவர் மனைவி கிளிகள் போட்டுக்கொண்டிருந்த துணியைக் கொடுத்தார். அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. துணி அரைகுறையாகக் கிடப்பதைப் பார்த்து மனசு கஷ்டப்படுகிறாள், அவளுக்குத் தெரியாமல் முடித்துக் கொடுங்கள், திடீரென்று காட்டி சந்தோஷப்படுத்த வேண்டும் என்றார். நல்ல மனிதர். நானும் சந்தோஷமாக ஒரு இலையைப் போட்டேன். அதற்குள் பச்சை நூல் தீர்ந்துவிட்டது. அதே பச்சை கடையில் கிடைக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருக்கிறது, அவள் தூங்கும் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் போனபோது அந்த அம்மாள் விழித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த துணி அவர் கண்ணில் பட்டுவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் ஏதேதோ சமாதானம் சொன்னார். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் இடது கையை நீட்டித் துணியைக் கேட்டு வாங்கினார். தடவிக்கொண்டே வந்து என் இலையில் விரலை வைத்தார். இதைப் பிரித்துவிடச் சொன்னார். பேச்சு குழறியது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து என் கையால் போட்டதை நானே பிரித்தேன். வலித்தது. இத்தனை நாளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு துணியை மாட்டும் ஃப்ரேமைச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இறுக்கிக் கட்டச் சொன்னார். கணவர் இரும்புக் கிளாம்ப் ஒன்றைத் தேடி எடுத்து வந்து பொருத்தினார். இடது கையால் அந்த அம்மாள் போட்ட முதல் தையல் கோட்டை விட்டு எங்கேயோ போய் விழுந்தது. கோணலாக இருக்கிறதே, வந்திருக்கிறவரே போடட்டுமே என்று என்னைக் காட்டிக் கணவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"கோணினா கோணட்டும். அது என் கோணல். நீங்க நூலைக் கோத்துக் குடுங்கோ, போதும்."

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலைக் கோர்க்க முயன்றதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

வாத்துக் குஞ்சுகள்

ஜெசிக்குத் திருநெல்வேலி. ஐ.டி. கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவள். குழந்தைப் போர்வை ஒன்றைக் கொடுத்தாள். ஓரத்தில் வரிசையாக வாத்துக் குஞ்சுகள். கடைசிக் குஞ்சு பென்சில் கோடாகவே நின்றது. அவள் வயிறு நன்றாகத் தெரிந்தது. பிரசவத்துக்குள் கொடுத்துவிடுகிறேன் என்று நானாகவே உற்சாகமாகச் சொல்லி, மஞ்சள் நூலும் எடுத்துக் காட்டினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாங்கிப்போக வந்த அன்றுதான் சொன்னாள். போன தடவை உண்டானபோது ஆரம்பித்தது. ஏழாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதோடு போர்வை பெட்டிக்குள் போனது. குஞ்சின் கண்ணை மட்டும் போடாமல் விட்டிருந்தேன். கறுப்பா, பழுப்பா என்று கேட்க வேண்டியிருந்தது. அதைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வரப்போகிற குழந்தைக்கு இது எதற்கு, நானே புதிதாக ஒன்று போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவள் அழவில்லை. போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புதுசு அப்புறமா போடுங்கக்கா. இது வரப்போற பிள்ளைக்கு இல்ல. வராமப்போன பிள்ளைக்கு."

முடித்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு துணியையும் வாங்கி வைக்கிறேன். ஆனால் பாருங்கள், இவற்றில் ஒன்றைக்கூட நான் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.