படிக்காரர் ஊற்றும் தண்ணீர்

உச்சிவேளையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நான் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்யும்போது, பக்கத்துக் கடையில் துளை போடும் டிரில்லும் நின்றுவிடும். மனிதர் டீ குடிக்கப் போகிறார் என்றே இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். ஒருநாள் பாதியில் கண்ணைத் திறந்துவிட்டேன். ஒரு பெரிய காருக்கு அடியில், டிரில்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று மல்லாந்து படுத்திருந்தார். இவர் நல்லவராகவும் வேறு இருக்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கு மிச்சப் பிரார்த்தனை ஓடவில்லை.

எங்கள் தெரு முழுக்கக் கார் சாமான் கடைகள். நான் சீட்டுக்கு உறை தைக்கிறேன். அவர் உயரமான கார்களில் ஏறி இறங்கக் கால்படி மாட்டுகிறார். தெருவில் அவருக்குப் படிக்காரர் என்று பெயர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். காதில் பென்சில், முழங்காலில் எப்போதும் கிரீஸ். என் கடைச் சுவரிலும் ஆறு ஜோடி கால்படி தொங்குகிறது, எல்லாம் பளபளவென்று குழாய் மாடல். தினமும் துடைத்து வைக்கிறேன். வருகிறவர்கள் அதில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு அவர் கடைக்குப் போகிறார்கள்.

அவர் வண்டியைப் பார்க்கவே மாட்டார். "இதுல யாரு ஏறப்போறா?" என்பதுதான் முதல் கேள்வி. "வீட்ல ரொம்பக் குட்டையா யாரு? அவங்களக் கூட்டிட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்." வந்தவரை ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பாதத்தையே பார்ப்பார். கால் தேடுகிற உயரத்தில் கதவுக்குக் கீழே சாக்பீஸ் கோடு. பிறகு படியைக் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீர். "காய்ஞ்சு கெடக்கும்போது எல்லாம் நல்ல படிதாங்க. மழையில ஏறணும்ல?"

அழகுக்குப் படி கேட்ட ஒருவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார். "வேணாம் சார், உங்க வண்டி தாழ்வு. வேகத்தடையில தட்டும். அந்தக் காசுல வீட்டம்மாவுக்கு நல்ல செருப்பா வாங்கிக் குடுங்க." போனவர் மறுவாரம் மூன்று நண்பர்களோடு, மூன்று கார்களோடு வந்தார். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஊசி விரலில் ஏறியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் தம்பி முதல் கார் வாங்கினான், நல்ல உயரமான வண்டி. "படி உன் கடையிலதான்க்கா, நீயே பாத்துக் குடு," என்றான். மனம் குளிர்ந்துபோய், இருப்பதிலேயே பளபளப்பான குழாயை எடுத்து வைத்தேன். தம்பி மனைவிக்குப் போன வருஷம் கணுக்கால் முறிந்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். அவள் நொண்டி வருவதைப் படிக்காரர் பார்த்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, தண்ணி ஊத்திப் பாக்கலாமா?"

"ஊத்துங்களேன். குழாய் என்ன கரைஞ்சா போயிடும்?"

காரை ஒட்டி இரண்டு இரும்புத் தாங்கிகளை வைத்து, அவற்றின்மேல் குழாயைக் கட்டினார். தண்ணீர் ஊற்றும் முன் என் கடைக் குப்பையிலிருந்து நுரைமெத்தைத் துண்டுகளை அள்ளித் தரையில் பரப்பினார். அவள் காலை வைத்தாள். வழுக்கிற்று. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாலும் தொப்பென்று மெத்தையில் உட்கார்ந்தாள். தம்பி முகம் வெளுத்துவிட்டது. அவளோ சிரிக்கிறாள்: "அண்ணி, உங்க மெத்தை மட்டும் முதல் தரம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி நேராக அவர் கடைக்குப் போய், "அண்ணே, நீங்க சொல்றதையே மாட்டுங்க," என்றான். முழுப் பாதமும் பதிகிற அகலத்தில், சொரசொரப்பான கறுப்புப் படி. அதில் முகம்கூடத் தெரியாது. என் தம்பிக்கு நான் ஒருத்திதான் மூத்தவள். அந்த 'அண்ணே' எனக்கு உள்ளே போய்க் குத்தியது.

அன்று மாலை என் பொறாமையை மன்னிக்கும்படி கடவுளிடம் கேட்டேன். அதே மூச்சில், அவர் டிரில் கெட்டுப்போகட்டும் என்றும் கேட்டுவிட்டேன். பிறகு அதற்கும் மன்னிப்பு கேட்டேன். மறுநாள் அவர் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து, என் குழாயில் நானே தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். வழுக்கத்தான் செய்தது. யாரும் பார்க்கும் முன் சாக்கால் துடைத்துவிட்டேன். ஆனாலும் அவரோடு பேசவில்லை. அவர் "சாப்பிட்டாச்சாக்கா?" என்பார், நான் மெஷினை மிதிப்பேன். பதினொரு நாள் இப்படியே ஓடியது.

போன சனிக்கிழமை அவர் கடை பெரிய சாலைக்கு மாறிவிட்டது. இதைவிட மூன்று பங்கு பெரிய இடமாம். அதற்கும் எரிந்தது. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பத் தயாராக நிற்க, என் வாசலுக்கு வந்தார். "போற இடத்துல நல்லா இருங்க," என்று துணியைப் பார்த்தபடியே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் மிதியில் இருந்த என் காலைப் பார்த்தார்.

"புதுக் கடை வாசல் உசரம்க்கா. உங்க கால் அளவு எனக்குத் தெரியும், ஒரு படி போட்டு வெச்சுட்டுக் கூப்பிடுறேன். அதுக்குள்ள சண்டை போடணும்னு அவசரப்பட்டு ஏறி வந்துடாதீங்க."