படகில் வைத்த சோறு

கடல் இறங்கிப்போன ஆற்றின் சேற்றிலிருந்து ஒரு வாடை எழும். அழுகிய இலையும் நண்டும் உப்பும் பழைய டீசலும் வெயிலில் சேர்ந்து வேகிற வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு மட்டும் அதற்குள்ளிருந்து புளிக்குழம்பு மணக்கும், வயிறு பசிக்கும்.

எங்கள் தோட்டம் கடலோர ஊரான தங்கா பத்துவுக்கு உள்ளே, ரப்பர் மரங்களின் இருட்டில் இருந்தது. கடல் சைக்கிளில் போகிற தூரம்தான் என்றாலும் எங்களுக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. விடிவதற்குள் ‘பெரட்டு’ வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்கள், சங்கு ஊதினால் பால் நிறுக்கப் போக வேண்டும் என்று மணியைப் பார்த்து வாழ்ந்த சனம் நாங்கள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் என் அக்கா சரோஜா, ஆற்றுமுகத்து ஊரான குவாலா சுங்கை பாருவில் மீன் இறக்கும் கொட்டகையில் ஐஸ் உடைக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். “அவங்க வேற ஆளுங்க” என்பதற்கு மேல் அப்பா காரணம் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை. “செத்தாலும் அவ வீட்ல கை நனைக்க மாட்டேன்” என்று லயத்து வீட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் உறவு உறவுதான், அப்புறம் இல்லையென்று சொல்ல முடியாது. எங்களிடையே அதுதான் கணக்கு.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, அவளைத் திரும்ப அழைத்துவர அப்பா கிளம்பினார். பஸ்ஸில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று, கடற்கரையில் பழக்கமான மலாய்க்காரர் பாக் டின்னிடம் படகுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஊரே இன்ஜினுக்கு மாறிய பிறகும் ஒட்டுப்போட்ட பாயை விடாதவர் அவர். என்னைக் கூட்டிப்போனதற்கும் காரணம் உண்டு. “அக்காவப் பாத்ததும் நல்லா அழு. நீ அழுதா அவ தாங்க மாட்டா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாய் காற்றை வாங்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நான் அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். கத்தி பிடித்துக் காய்த்த அந்தக் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது, கரைத் தென்னைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவ, கயிறு முனகுவதும் தண்ணீர் பலகையைத் தட்டுவதும் மட்டும் கேட்க, நெடுநேரம் அங்கேயே இருந்தது. கடல் தேநீர் நிறத்துக்கு வந்தபோது ஆற்றின் வாய் திறந்தது. தண்ணீர் ததும்பி நின்றது. வேர்களெல்லாம் முழுகிய பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களுக்கு நடுவே, கால் நட்டு நிற்கும் மரவீடுகளையும் காயும் நெத்திலியையும் தாண்டிப் படகு மெல்ல உள்ளே போனது.

“சீக்கிரம் வா முனி. ஆயிர் சுருட்லா, தண்ணி எறங்கிடும்” என்றார் பாக் டின் அப்பாவிடம், தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழில்.

“அரை மணி போதும் பாக் டின். தண்ணி எங்க ஓடிரப் போவுது?” என்றார் அப்பா. தண்ணீருக்கும் ஒரு பெரட்டு உண்டென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அக்கா துறைப் பலகையில் வந்து நின்றாள். வயிறு மேடிட்டிருந்தது. என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். உள்ளே ஏதோ உதைத்தது. நான் அழ மறந்தேன்.

“கெளம்பு” என்றார் அப்பா.

“வரமாட்டேன்ப்பா. வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போங்க.”

“அந்தப் பேச்சே வேணாம்.”

இரண்டே வார்த்தைகளை மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பிச் சொல்லி இருவரும் களைத்த பிறகு அப்பா திரும்பிப் பார்த்தார். ஆறு போயிருந்தது. படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது, பாக் டின் அதில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தார். “சொன்னேன்லா! இனி சாயங்காலம்தான்.”

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிப் படகுக்குப் போய், கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெயில் ஏறியது. எனக்குப் பசித்தது. அவர் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது.

அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல், மீன்பெட்டிப் பலகைகளைச் சேற்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசிப் பலகையைத் தூரத்திலிருந்தே தள்ளிவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பலகைகள்மேல் தூக்குச்சட்டியும் செம்புத் தண்ணீருமாக, மூச்சு வாங்க, அக்கா நடந்து வந்தாள்.

“இது என் வீடு இல்லப்பா. பாக் டின் படகு. சாப்பிடுங்க.”

அப்பா பாக் டின்னைப் பார்த்தார். பாக் டின் புகையை ஊதிவிட்டுச் சொன்னார்: “என் படகுதான்லா. மாக்கான், முனி, மாக்கான், சாப்பிடு. எனக்கும் கொஞ்சம் வை.”

சுற்றிலும் சேறுதான். கை கழுவ அக்காதான் செம்பிலிருந்து ஊற்றினாள். தலையைக் குனிந்தபடியே அப்பா புளிக்குழம்பு ஊற்றிய சோற்றைச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு உருண்டை, தனக்கு ஒரு உருண்டை.

சாயங்காலம் கடல் திரும்பி வந்தது. பலகைகள் மிதக்கத் தொடங்க, அக்கா வீட்டுக்காரர் இடுப்பளவு நீரில் நின்று அவற்றைச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தத் துறையில் சிமெண்டுத் தளம், ஃபைபர் படகுகள். பாய் கட்டிய படகு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகி, பேர் கூப்பிட ஆளில்லை. பாக் டின் இல்லை. அந்த வருஷ மழையிலேயே, அக்காவுக்குப் பிள்ளை பிறக்குமுன், அப்பாவும் போய்விட்டார். சொன்னபடியே அவள் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. அக்கா மகனோடு ஜாசினில் இருக்கிறாள். இன்றும் புளி கரைக்கும்போது ஒரு கணம் நின்று, உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்து வைத்துவிட்டுத்தான் கரைக்கிறாள்.

அன்று படகு சேற்றைவிட்டு எழுந்து அசைந்தது. பாக் டின் பாயை ஏற்றினார். துறையில் அக்கா, அவளுக்குப் பின்னால் ஈரத்தோடு அவள் வீட்டுக்காரர். அப்பா அவர்கள் பக்கம் திரும்பாமலேயே, ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அடுத்த வாட்டி நான் வர்றப்ப, புளிய கொஞ்சம் கொறச்சுப் போடு.”