புட்வலிலிருந்து வந்த அம்மா

மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து சிட்னிக்குப் பகலில் ஒரு ரயில், இரவில் ஒரு ரயில். தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தைக் கடக்கப் பதினோரு மணி நேரம் ஆகும். "ப்ளைட்ல ஒன்றரை மணி நேரம்டா, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஸ்பிரிங்வேலில் நான் தங்கியிருந்த நண்பன் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தான். திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். கிடைத்த லீவில் ஒரு நாட்டின் மேலே பறந்து போவதைவிட அதன் நடுவே ஊர்ந்து போவதுதான் பிடிக்கும். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் வறுத்த பன்றிக்கறி வைத்த வியட்நாம் ரொட்டி இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மாலையில் கிளம்பினேன். சிட்னியில் கிரவீன் என்ற இடத்தில் என் அக்கா கோமதி இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் பயணம்.

ரயில் நகரத்தை விட்டு வெளியே வரும்போது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். கறுப்பு ஜாக்கெட்டுக்குள் முதியோர் இல்லத்துச் சீருடை தெரிந்தது. ஷிஃப்டு முடிந்து நேரே ஸ்டேஷனுக்கு ஓடி வந்திருக்கிறாள். பெயர் அனிஷா. நேபாளத்தில் புட்வல் என்ற ஊர். மெல்பர்னில் நர்சிங் மூன்றாம் ஆண்டு. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ரொட்டியில் ஒன்றை அவளிடம் நீட்டினேன். அவள் தன் டப்பாவைத் திறந்தாள். அவலும், எண்ணெயில் வறுத்த சோயாவும், பச்சை மிளகாயும். அவலை இப்படிக் காரமாகத் தின்று பார்த்ததில்லை. ரொட்டியைவிட அதுதான் நன்றாக இருந்தது.

இந்தப் பயணம் முழுக்க நான் பார்த்த இளம் முகங்களில் நேபாளிகள் நிறையப் பேர். பெட்ரோல் பங்க்கில், காபிக் கடையில், நண்பனின் மாமியாரைக் கவனித்துக்கொள்ள வந்த பெண்ணாக. எங்கள் ஊரில் பெரும்பாலும் டிகிரியை முடித்துவிட்டு, மேல்படிப்புக்குத்தான் வெளிநாடு என்று பேச்செடுப்பார்கள். இவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்துவிடுகிறார்கள். ஏன் என்று அனிஷாவிடம் கேட்டேன்.

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "உலகத் தரமான கல்வி, செய்முறைப் பயிற்சி, பன்முகக் கலாச்சாரச் சூழல்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். "விசாவுக்காக மனப்பாடம் செய்தது அங்கிள். இன்னும் மறக்கவில்லை."

"சரி, நிஜமாகச் சொல்."

"எல்லோரும் கிளம்பினார்கள். என் வகுப்பில் அந்த வருடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே இல்லை. நீ எந்த நாடு, நீ எந்த நாடு என்றுதான். அங்கேயே கல்லூரியில் சேர்ந்த என் தோழிக்குப் பரீட்சை தள்ளித் தள்ளிப் போய், நான் மூன்றாம் வருடம் வந்த பிறகும் அவள் இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள். அங்கே படித்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. அப்புறம் அங்கிள், ஊரில் இருக்கும் பெண்ணிடம் எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். இங்கே வந்துவிட்டால் எப்போது பிஆர், நிரந்தரமாகத் தங்கும் உரிமை, என்று கேட்கிறார்கள். அதுவே பெரிய விடுதலை."

நான் சிரித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "ஆனால் இதெல்லாம் இங்கே வந்த பிறகு கண்டுபிடித்த காரணங்கள். அனுப்பியது அம்மா. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு அம்மாவைத் தனியாக விட மனமில்லை. அவர்தான் போ, போ என்று பிடித்துத் தள்ளினார். விமான நிலையத்தில் அழக்கூட இல்லை. என்னை அனுப்ப இவ்வளவு அவசரமா என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தது."

அந்த அம்மா பிமலாதான் மறுநாள் காலை சிட்னியில் இறங்குகிறார். முதல் விமானப் பயணம். நேபாளி தவிர வேறு மொழி தெரியாது. மூன்று வருடங்களுக்குப் பிறகு மகளைப் பார்க்க வருகிறார். இரண்டு நாள் சிட்னியைச் சுற்றிக் காட்டிவிட்டு, ரயிலிலேயே மெல்பர்னுக்கு அழைத்துப் போவதாகத் திட்டம்.

விடிந்தபோது ரயில் அசையாமல் நின்றிருந்தது. கோல்பர்ன் நிலையம். இரவு அடித்த காற்றில் முன்னால் தண்டவாளத்தில் மரங்கள் விழுந்துவிட்டனவாம். பேருந்து வரும், எப்போதென்று தெரியாது என்றார்கள். சிட்னி இன்னும் இருநூறு கிலோமீட்டர். பிளாட்பாரத்தில் குளிர் காதைக் கடித்தது. அனிஷா போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். சிட்னியில் இருந்த தோழிகள் இரண்டு பேரும் காலை ஷிஃப்டில், போனை எடுக்கவில்லை. அம்மா விமானத்தில் இருந்தார். "வெளியே வந்ததும் நான் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டு வருவார் அங்கிள். அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டார்" என்றாள்.

நான் அக்காவைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு, "இருடா, அத்தான்கிட்ட பேசு" என்று போனைக் கொடுத்தாள். அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் சிட்னி.

"ஓம் தம்பி, நாங்கள் போறம். அந்தப் பிள்ளையைப் பயப்பிடாம இருக்கச் சொல்லு. தாயின்ர படம் ஒண்டு அனுப்பச் சொல்லு. கோமதியையும் கூட்டிக்கொண்டு போறன். முன்பின் தெரியாத ஆம்பிளை வந்து வா எண்டால் அந்த மனிசி வருமே?"

வருவாரா என்பதே கேள்வி. கடைசியில் அனிஷாதான் வழி சொன்னாள். நேபாளியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, அதை அக்காவின் போனுக்கு அனுப்பினாள்.

ஒன்பது மணிக்கு மேல்தான் பேருந்து வந்தது. வழியெல்லாம் அனிஷா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் புல்வெளி, மாடுகள், சாய்ந்து கிடந்த மரங்கள். ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. விமானம் இறங்கிவிட்டது என்று அக்கா சொன்ன பிறகும் வெகுநேரம் தகவலே இல்லை. பிறகு என் போன் ஒலித்தது.

"டேய், அவங்க வந்துட்டாங்கடா! அந்தப் பொண்ணு குரலப் போட்டுக் காட்டினேன். போனை வாங்கி நெத்தில ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் என் கையப் புடிச்சவங்க இன்னும் விடல. ஊறுகாய், காய வச்ச கீரை எல்லாத்தையும் உள்ள விடாம கஸ்டம்ஸ் ஆபீசருங்க எடுத்துட்டாங்களாம், கூட வந்த ஒரு நேபாளிப் பையன் சொன்னான், அதான் லேட்டு. ஒரே வருத்தம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அனிஷா சிரித்துக்கொண்டே அழுதாள். முன்சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்து, கைக்குட்டைத் தாள் பொட்டலத்தை அப்படியே கொடுத்துவிட்டார்.

நாங்கள் கிரவீன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கதவு திறந்திருந்தது. "குசினியில நிக்கினம், போங்கோ" என்றார் அத்தான். உள்ளே என் அக்காவும், நீலக் குர்த்தாவும் சாம்பல் நிறச் சால்வையும் அணிந்த ஒரு சிறு உருவமும் அடுப்பருகே நின்று, ஆளுக்கொரு மொழியில் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளைக் கண்டதும் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்க மறந்தார். கரண்டியோடேயே கட்டிக்கொண்டார். அனிஷாவின் ஜாக்கெட் முதுகில் பருப்பு வழிந்தது.

சாப்பாட்டு மேசையில், நான் ரயிலில் கேட்ட கேள்வியையே அவரிடமும் கேட்டேன். அனிஷா மொழிபெயர்த்தாள். ஒரே மகளை ஏன் இவ்வளவு சின்ன வயதில் அனுப்பினீர்கள்?

பிமலா அம்மா சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகப் பேசினார். "ஊரில் எல்லோரிடமும் நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால், தாயைத் தனியே விட்டுப் போய்விட்டாள் என்று இவளைப் பேசியிருப்பார்கள்" என்று அனிஷா மொழிபெயர்த்தாள். அம்மா தொடர்ந்தார். அனிஷா வாயைத் திறந்தாள், மூடினாள். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு வரவில்லை. அம்மா மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். நடுநடுவே மகளின் தட்டில் குழம்பு ஊற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்து அனிஷா எங்களிடம் சொன்னாள். "அவருக்கு நான் போவதில் விருப்பமே இல்லையாம். 'இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் இருந்துவிடுவேன் என்று தெரியுமாம். அதனால்தான் சொல்லவில்லையாம். விமான நிலையத்தில் அழாமல் வீட்டுக்குப் போய், என் கட்டிலில் படுத்து அழுதாராம்."

அத்தான் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் பத்தொன்பது வயசில வெளிக்கிட்டனான். அம்மா போ எண்டுதான் சொன்னவ. நான் அதை அப்பிடியே நம்பிப்போட்டன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொல்லிக் கேட்டதில்லை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

இரண்டு நாள் என்ற திட்டம் நான்கு நாளாக நீண்டது. அக்கா விடவில்லை. ஒருநாள் எல்லோருமாகத் துறைமுகத்துக்குப் போனோம். கடலையே பார்த்திராத பிமலா அம்மா, உலகமே படமெடுக்கும் அந்த இசையரங்கின் வெள்ளைக் கூரைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு என்று தெரிந்ததும் வந்த சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை.

திருச்சியில் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில்தான். என்ன படிப்பு, என்ன வேலை, எப்போது வருவான் என்று விசாரிப்போம். போகும்போது அந்த வீட்டில் யார் எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பதற்கு அனிஷா ரயிலில் சொன்னவை எல்லாமே உண்மைதான். ஆனால் போகிறவர்களுக்குத் தெரிவது பாதிக் கதைதான்.

ஐந்தாம் நாள் காலை சென்ட்ரல் நிலையத்தில் அவர்களை மெல்பர்ன் ரயிலில் ஏற்றிவிட்டோம். அன்று இரவே அனிஷாவுக்கு வேலை. பெட்டிகளை மேலே வைத்துவிட்டு நாங்கள் பிளாட்பாரத்துக்கு இறங்கி, கையசைப்பதற்காக அவர்கள் ஜன்னலைத் தேடிப் போவதற்குள் அவள் அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். ரயில் இன்னும் கிளம்பக்கூட இல்லை. அக்கா கண்ணாடியைத் தட்டக் கையை உயர்த்தினாள். பிமலா அம்மா எங்களைப் பார்த்து, உதட்டில் ஒரு விரலை வைத்தார்.